மகனோடு ஹைதராபாத் கிளம்புவதற்கு முன்

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே இருக்கும் குடும்பம். நான்கு பேரும் நிரந்தரவாசிகள். மகனுக்கு 15 வயது, உயர்நிலை 3. மகள் தொடக்கநிலை 5. மகன் எட்டு வயதிலிருந்து பூப்பந்து ஆடுகிறான். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி. பயிற்றுநர், கோர்ட், ஷட்டில், ஷூ என்று மாதம் 1,400 வெள்ளி போகிறது. பள்ளி அணியில் பி பிரிவில் ஆடுகிறான். கிளப் போட்டி ஒன்றில் அரையிறுதி வரை வந்திருக்கிறான். தேசிய இளையர் அணித் தேர்வுக்கு இரண்டு முறை போயும் இடம் கிடைக்கவில்லை. ‘நம்ம பிள்ளைன்னா எடுக்க மாட்டாங்க’ என்பது கணவரின் முடிவு. ‘இந்த வயதில் முழுநேரமாக இறங்காவிட்டால் அப்புறம் ஆடிப் பயனில்லை’ என்று பயிற்றுநரும் சொல்லியிருக்கிறார்.

ஆக, கணவர் ஒரு திட்டம் போட்டுவிட்டார். ஆண்டு இறுதியில் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது. தாய் வேலையை விட்டுவிட்டு மகனோடு ஹைதராபாத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போவது. அங்கே ஒரு தனியார் அகாடமியில் இரண்டு ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிச் சேர்ப்பது. பையனின் நிரந்தரவாசத் தகுதியை இப்போதே விட்டுக்கொடுத்தால் தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவச் சேவைப் பிரச்சினையும் தீர்ந்தது, பிற்பாடு வேலை அனுமதியில் திரும்பி வந்துகொள்ளலாம் என்பது அவர் கணக்கு. தாய் கேட்பது இது: ‘நான் போகலாமா? மறுத்தால் மகனின் எதிர்காலத்தைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனா?’

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மகனுக்குச் சில மாதங்களாக முழங்கால் வலி. ஆட்டத்துக்கு முன் ஸ்பிரே அடித்துக்கொண்டு இறங்குகிறான். ‘அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா’ என்று கேட்டுக்கொண்டானாம்.

சகோதரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு இறுதியில், இந்தத் திட்டத்தோடு, போகாதீர்கள். உங்கள் மகன் ஆடட்டும், நிறைய ஆடட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு வகை விஷயங்களை ஒரே தட்டில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒரு போட்டியில் தோற்றால் அடுத்த போட்டியில் ஜெயிக்கலாம். ஒரு தேர்வில் எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு போகலாம். துணைப்பாடத்தை நிறுத்தினால் மறுபடி சேர்க்கலாம். இந்த மாதிரி திரும்பக் கிடைப்பவற்றை விளையாட்டுக்காகத் தாராளமாக விட்டுக்கொடுங்கள். வளரும் வயதில் கெட்டுப்போகும் முழங்கால், தேசிய சேவை செய்யாமல் விட்டுக்கொடுத்த நிரந்தரவாசத் தகுதி, பாதியில் விட்ட படிப்பு, இவை அப்படி இல்லை. கணவரின் திட்டம் இந்த மூன்றையும் ஒரே மாதத்தில் பணயம் வைக்கிறது.

முதலில் அந்த முழங்கால்

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இளம் விளையாட்டாளர்களோடும் அவர்களுடைய பெற்றோரோடும் பேசுவது என் வேலை. முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு ஆடும் பிள்ளைகளை இந்த வேலையில் நிறையவே பார்க்கிறேன். வேகமாக உயரம் கூடும் வயதில், குதித்து ஓடும் விளையாட்டு ஆடும் பிள்ளைகளுக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே, தசைநாண் கால் எலும்போடு சேரும் இடத்தில் வலி வருவது சகஜம். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது அடங்கிவிடும். ஆனால் அது இதுதானா, தசைநாண் தேய்வா, வேறு ஏதாவதா என்று நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது. பின் கோர்ட்டில் குதித்து ஸ்மாஷ் அடித்து, உடனே நெட்டுக்கு ஓடிவந்து ஒரே காலில் முழு எடையையும் தாங்கி நிற்கும் ஆட்டம் இது. ஸ்பிரே வலியைத்தான் மறைக்கும், காலில் விழும் சுமையைக் குறைக்காது.

பலதுறை மருந்தகத்தில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையின் விளையாட்டு மருத்துவப் பிரிவுக்குப் போனால் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணச் சலுகை உண்டு. சாங்கி பொது மருத்துவமனையில் அப்படிப்பட்ட பிரிவு இருக்கிறது. ‘ஆறு மாதம் மட்டையைத் தொடாதே’ என்று சொல்லிவிடுவார்களோ என்று பையன் பயப்படலாம். பல நேரங்களில் அப்படிச் சொல்வதில்லை. எத்தனை நாள் ஆடலாம், எந்தப் பயிற்சியைக் குறைக்கலாம், எந்தத் தசையைப் பலப்படுத்தலாம் என்றுதான் பேசுவார்கள். வாரம் ஆறு நாள் நான்கு நாளாகலாம். அகாடமிக்கு ஒரு காசு கட்டுவதற்கு முன்னால் இந்த அறிக்கை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், இத்தனை நீளக் கடிதத்தில் உங்கள் மகன் வாய் திறந்து பேசியது அந்த ஒரே வரிதான். கணவர் என்ன சொன்னார், பயிற்றுநர் என்ன சொன்னார், பெரியப்பா என்ன சொன்னார் எல்லாம் இருக்கிறது. அவன் ஹைதராபாத் போக ஆசைப்படுகிறானா என்று ஓர் இடத்திலும் இல்லை. வலியை அப்பாவிடம் மறைப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஆட்டத்தின் மேல் அவ்வளவு ஆசை, நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். இல்லையென்றால், அப்பா மனம் உடைந்துபோவாரே என்ற பயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று ஊகிக்காதீர்கள், கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் வேண்டாம். பயிற்சி முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போதோ, கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்தோ கேளுங்கள். ‘உனக்குப் போக விருப்பமா’ என்று கேட்டால் ‘ம்’ என்று முடித்துவிடுவான். ‘அப்பா இந்தத் திட்டத்தையே விட்டுட்டார்னு வச்சுக்கோ, நாளைக்குக் காலையில எழுந்து நீ என்ன செய்வே’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமாகும். வரும்வரை நீங்கள் பேசாதீர்கள்.

தேசிய சேவை: கணவரின் கணக்கு தப்பு

இதில் மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை, மன்னியுங்கள். பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயம். ‘பிஆர்தானே, விட்டுவிடலாம்’ என்று நம் ஆட்கள் பலர் பேசிக்கொள்கிறார்கள். விட்டுவிடலாம், உண்மைதான். ஆனால் சேவை செய்யாமல் விட்டுக்கொடுத்தவர் பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால் அந்த முடிவு அவருக்கு எதிராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்று அரசாங்கம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ‘பிற்பாடு வேலை அனுமதியில் வந்துகொள்ளலாம்’ என்ற பேச்சுக்கு அங்கேயே அடி விழுகிறது. உங்கள் குடும்பத்தின் மற்ற விண்ணப்பங்களையும் அது தொடக்கூடும். உங்கள் மகள் இங்கேதான் படிக்கப்போகிறாள் என்பதை நினைவில் வையுங்கள்.

தகுதியை விட்டுக்கொடுக்காமல் சும்மா போய் இருந்துவிடலாமா? அதுவும் முடியாது. 13 வயதிலிருந்தே, நீண்ட காலம் வெளிநாட்டில் தங்கும் பையன்களுக்கு வெளியேறும் அனுமதி வேண்டும். இரண்டு ஆண்டு அளவுக்குப் போனால் பிணை கேட்பார்கள். குறைந்தது 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. அனுமதி இல்லாமல் தங்கிவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்கள் நிலைமைக்கு என்ன பொருந்தும் என்பதை தேசிய சேவையைக் கவனிக்கும் அலுவலகமான சிஎம்பிபிக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான நம்பிக்கை ஒன்றும் கடிதத்தில் இருக்கிறது: தேசிய அணியில் எடுத்திருந்தால் சேவையிலிருந்து விலக்கு கிடைத்திருக்கும் என்று. இல்லை. விளையாட்டுக்காகத் தள்ளிவைப்பு கிடைத்தவர்கள் மிகச் சிலர். நீச்சலில் ஜோசஃப் ஸ்கூலிங், குவா ஜெங் வென், பட்டம் இழுக்கப் பலகையில் கடலில் விரையும் கைட் ஃபாயிலிங்கில் மேக்ஸ் மேடர் போல ஒலிம்பிக் பதக்கம் வரை எதிர்பார்ப்பு இருந்தவர்கள். அதுவும் தள்ளிவைப்புதான், விலக்கு இல்லை. ஸ்கூலிங் 2016ல் ரியோவில் தங்கம் வாங்கியவர், 2022ல் சேவைக்குப் போனார்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயத்தை வீட்டில் யாருமே பார்க்கவில்லை. வழக்கமான வயதில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரும் பையன்கள் பட்டயப் படிப்பை முடிக்கும்வரை சேவையைத் தள்ளிவைக்க முடியும். அதாவது ஏறக்குறைய 20 வயது வரை. உங்கள் மகன் இங்கேயே இருந்தால் இன்னும் ஐந்து ஆண்டு படித்துக்கொண்டே ஆடலாம். ஐந்து ஆண்டு என்பது ஒரு விளையாட்டாளன் வாழ்க்கையில் சின்ன விஷயமா?

15 வயதில் எல்லாம் முடிந்துவிடுமா

பயிற்றுநர் சொன்னதில் பாதி உண்மை. பதின்ம வயதுப் பயிற்சி முக்கியம்தான். ஆனால் உங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமான உதாரணம் சிங்கப்பூர்ப் பூப்பந்து வீரர் லோ கீன் யூதான். பினாங்கில் பிறந்தவர், 13 வயதில் உபகாரச் சம்பளத்தில் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளிக்கு வந்தவர். பிறகு குடியுரிமை பெற்று, தேசிய சேவையும் செய்தார். அதை முடித்த பிறகு 2019 ஜனவரியில் தாய்லாந்து மாஸ்டர்ஸ் இறுதியாட்டத்தில் சீன ஜாம்பவான் லின் டானையே தோற்கடித்தார். 2021 டிசம்பரில் ஸ்பெயினின் ஊவெல்வாவில் இந்தியாவின் கிடம்பி ஸ்ரீகாந்தை வென்று உலக வெற்றியாளர் ஆனபோது அவருக்கு வயது 24. ‘சேவைக்குப் போனால் ஆட்டம் போச்சு’ என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. எல்லாரும் லோ கீன் யூ ஆகிவிட முடியாது என்பதும் சரிதான், அதற்கும் வருகிறேன்.

இந்தியாவுக்குப் போனால் வாய்ப்பு அதிகம் என்று கணவர் நினைக்கிறார். மகன் இன்னும் இந்தியக் குடிமகன் என்பதால் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் கூட்டத்தைப் பாருங்கள். இங்கே தேசிய இளையர் அணிக்குள் நுழைய முடியாத பையன், அங்கே மாநில அளவில் நுழையவே எத்தனை பேரைத் தாண்ட வேண்டும்! ஹைதராபாத் போனால்தான் ஆகும் என்றும் இல்லை. 2022ல் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வாங்கிய சங்கர் முத்துசாமி சென்னையிலேயே பயிற்சி எடுத்து வளர்ந்தவர்.

தேர்வில் எடுக்காததற்கு இனம்தான் காரணம் என்று கணவர் சொல்வதை நான் பொய் என்று தள்ளமாட்டேன், மெய் என்று ஒப்புக்கொள்ளவும் என்னிடம் ஆதாரம் இல்லை. தேர்வு நடத்தியவர்களிடம் ‘எந்தெந்த விஷயத்தில் பின்தங்கினான்’ என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அசைவு, உடல்திறன், ஆட்ட முடிவு என்று பதில் வந்தால் அடுத்த தேர்வுக்கு அதுவே பாடத்திட்டம். பதிலே வராவிட்டால் பள்ளி வழியாகக் கேளுங்கள். மனக்குறையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் பையன் தலையில்தான் அது ஏறும். அடுத்த முறை கோர்ட்டில் இறங்கும்போதே ‘எப்படியும் எடுக்க மாட்டார்கள்’ என்று தோற்றுப்போய் இறங்குவான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக

பூப்பந்து உலகச் சுற்றின் சிறிய, நடுத்தரப் போட்டிகளில் ஒற்றையர் பிரிவில் வெல்பவருக்கு மொத்தப் பரிசுத் தொகையில் 7.5 விழுக்காடு. காலிறுதியில் தோற்பவருக்கு 0.6 விழுக்காடு. ஒரு போட்டியின் மொத்தத் தொகை ஒரு லட்சம் அமெரிக்க டாலர் என்று வைத்தால் காலிறுதிக்காரர் வாங்குவது 600 டாலர். விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் சரியாகப் போகும். லோ கீன் யூ வென்ற அந்த உலக வெற்றியாளர் போட்டிக்குப் பரிசுப் பணமே கிடையாது. ஒலிம்பிக் பதக்கத்துக்கு இங்கே பெரிய தொகை உண்டு, மேக்ஸ் மேடரின் வெண்கலத்துக்கு 250,000 வெள்ளி. ஆனால் அதை நம்பிக் குடும்பச் செலவுக் கணக்கு போட முடியாது. ஹைதராபாத்தில் புகழ்பெற்ற அகாடமி நடத்தும் புல்லேலா கோபிசந்தே 2025ல் ஒரு பேட்டியில், வசதியான பின்னணியோ குடும்பத் தொழிலோ இல்லாவிட்டால் பிள்ளைகளை விளையாட்டில் இறக்க வேண்டாம் என்றுதான் பெற்றோருக்கு அறிவுரை சொல்வதாகப் பேசினார். 2001ல் ஆல் இங்கிலாந்து பூப்பந்துப் பட்டம் வென்றவர் சொன்னது. உங்கள் கணவர் என் பேச்சைக் கேட்காவிட்டாலும் அவர் பேச்சைக் கேட்கலாம்.

இரண்டு ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டுவது எந்த அகாடமியானாலும் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுவதாகச் சொல்லுங்கள். காயம்பட்டால் பணம் திரும்ப வருமா, பயிற்சி தருவது விளம்பரத்தில் படம் போட்டிருக்கும் பயிற்றுநரா அவருடைய உதவியாளரா, ஒரு கோர்ட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் பயிற்றுநருக்கும் அந்த அகாடமிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை.

நடுவில் இருக்கும் வழிகள்

‘படிப்பா, ஆட்டமா’ என்று உங்கள் வீட்டில் இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறீர்கள். பள்ளியை விட்டால் சட்டம் தண்டிக்குமா என்று கேட்டிருந்தீர்கள்; கட்டாயக் கல்விச் சட்டம் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது, அதனால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் 2027லிருந்து ஓ லெவல் இருந்த இடத்துக்கு வரும் எஸ்இசி தேர்வு வரை இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது? ஓராண்டு சொச்சம். அதற்குள் நிறுத்துவது, ‘அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட’ கதைதான். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் முன்கூட்டிய சேர்க்கை முறை இருக்கிறது. மதிப்பெண்ணோடு ஆர்வத்தையும் திறமையையும் பார்ப்பார்கள். விளையாட்டு, உடற்பயிற்சி, உடல்நலம் சார்ந்த படிப்புகளுக்கு இவனைப் போன்ற பையன்கள் நன்றாகவே பொருந்துவார்கள். விளையாட்டுப் பள்ளியில் பெரும்பாலோர் உயர்நிலை 1லேயே சேர்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பிந்திய வழிகளும் அங்கே உண்டு, ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். பள்ளியிலும் வகுப்பாசிரியரையும் இணைப்பாட நடவடிக்கை ஆசிரியரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுங்கள். போட்டிக் காலத்தில் வீட்டுப்பாடத்தைத் தள்ளிக்கொடுப்பது, பாடங்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது, இதெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும்.

ஹைதராபாத்? ஜூன் விடுமுறை நான்கு வாரம். கால் சரியாக இருந்தால் அனுப்பிப் பாருங்கள். நீங்கள் வேலையை விட வேண்டாம். பெரியப்பா வீட்டில் அவன் தங்கட்டும். நான்கு வாரம் அந்தப் பையன்களோடு காலை, மாலை ஆடினால், தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கே தெரிந்துவிடும். அதற்கு அப்புறமும் ‘இதுதான் எனக்கு வேண்டும்’ என்று அவன் வாயால் சொன்னால், எஸ்இசி எழுதிய கையோடு, சிஎம்பிபியின் பதிலையும் வைத்துக்கொண்டு மறுபடி பேசலாம். அப்போது நானே உங்கள் கணவர் பக்கம் நின்றாலும் நிற்பேன்.

நீங்கள் வேலையை விடுவதைப் பற்றி

இதைக் கேள்வியாகவே நீங்கள் கேட்கவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் வேலை, உங்கள் மசேநிதி (மத்திய சேமநிதி), இங்கே தனியாக விடப்போகும் 11 வயது மகள், அவளுக்கு அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. கடிதத்தில் அவளைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வாக்கியம். ஒரு பிள்ளையின் ஆட்டத்துக்காக வீடு இரண்டாகப் பிரிவதை மற்றொரு பிள்ளை எப்படி எடுத்துக்கொள்வாள் என்பதையும் பேசுங்கள். மறுத்தால் மகனின் எதிர்காலத்தைக் கெடுத்தவள் ஆவேனா என்று கேட்டீர்களே, ஆகமாட்டீர்கள். நீங்கள் மறுப்பது ஒரு திட்டத்தைத்தான், மகனின் ஆட்டத்தை அல்ல. இதைக் கணவரிடமும் இப்படியே சொல்லலாம்.

அவரோடு பேசும்போது ‘உங்களுக்குப் பைத்தியமா’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. இத்தனை ஆண்டு விடியற்காலையில் எழுந்து பையனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனவர் அவர். முதலில் அதைச் சொல்லுங்கள். அப்புறம் முழங்கால். மகன் சொல்ல வேண்டாம் என்றானே என்று தயங்காதீர்கள். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லாதீர்கள். ‘இதை இனிமேல் மறைக்க முடியாது, வா, சேர்ந்தே சொல்லுவோம்’ என்று அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால், அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் பையன் மறைத்தான் என்று அப்போதே அமைதியாகச் சொல்லிவிடுங்கள். தேசிய சேவை, பணம், அகாடமி எல்லாம் வேறொரு நாளைக்கு இருக்கட்டும். அன்றைக்கு மருத்துவரைப் பார்க்க எந்த நாள், யார் கூடப் போவது என்பது மட்டும் முடிவானால் போதும். முடிந்தால் அவரையே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.